கீழக்கரை பழந்துணிக் கடையில் எடுத்த 15ஆம் நம்பர் சட்டை

போன மாதம் கீழக்கரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பிரியாணிக்குப் பந்தி கூப்பிட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சந்து சந்தாக நடக்கலாமே என்று கிளம்பியதில் கண்ணில் பட்டது இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. திண்ணையில் இரண்டு மூட்டை, உள்ளே கயிறு கட்டி வரிசையாகத் தொங்கும் சட்டைகள், எல்லாம் வெளிநாட்டுப் பழந்துணி. ஊர்க்காரர்களிடம் ‘பாரின் துணிக்கடை’ என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சரக்கு நன்றாகவே இருக்கிறது, ஆனால் தேடப் பொறுமை வேண்டும். அளவுவாரியாகப் பிரிப்பது என்ற பேச்சே இல்லை, குழந்தை ஜட்டிக்குப் பக்கத்தில் ஆறடி ஆள் போடும் கோட்டு தொங்குகிறது (இந்த வெயிலில் அந்தக் கோட்டை யார் வாங்குவார்கள் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்). போட்டுப் பார்க்கும் இடம் என்பது ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்ட மூலை, அங்கே லைட்டும் இல்லை, கண்ணாடியில் இடுப்புக்கு மேலேதான் தெரியும். விலையும் ஒட்டியிருக்காது. கடைக்காரக் காக்கா (கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் விலை.

இனி சட்டைக்கு வருகிறேன். கருநீலம், கெட்டிப் பருத்தி, காலர் வைத்தது, மார்பில் சின்னதாக 15 என்று தைத்திருந்தது. நான் அதைக் கையில் எடுத்ததுமே காக்கா, “அது சின்னப் பையனுக்குள்ளது தம்பி, பாருங்க, பதினஞ்சு வயசுன்னு போட்டிருக்கு” என்றார். சட்டையோ எனக்கே தொளதொளவென்று இருக்கும் போலிருந்தது. கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். செர்ஜ் பிளாங்கோ என்று இருந்தது, பிரான்சின் பழைய ரக்பி ஆட்டக்காரர் பெயர். கல்யாண வீட்டுப் பிரியாணி அப்போதே மறந்து போச்சு.

இந்தப் பெயர் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க்காரனான எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் சின்ன வயதில் தூர்தர்ஷனைவிட இலங்கையின் ரூபவாஹினிதான் தெளிவாக எடுக்கும், ஆன்டெனாவை உயரமாகக் கட்டித் தென்கிழக்கே திருப்பிவிட்டால் போதும். அதில் எப்போதாவது ஒரு ஆட்டம் வரும், முட்டை மாதிரி ஒரு பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், நாலு பேர் விழுந்து அமுக்குவார்கள், ஒன்றும் புரியாது. பிறகு துபாயில் வேலை பார்த்த பதினோரு வருஷத்தில் என் அறையில் கண்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தான், அவனுக்கு ரக்பி என்றால் உயிர். வெள்ளிக்கிழமை ஆனால் கைப்பேசியில் பழைய ஆட்டங்களைப் போட்டு, “மச்சான் இத பாரு, இத பாரு” என்று தூங்கவிடமாட்டான். அவன் அதிகமாகப் போட்டுக் காட்டியது 1987 உலகக் கோப்பை அரையிறுதியின் கடைசி நிமிடங்களை.

சிட்னியில் கான்கார்ட் ஓவல் மைதானம், பிரான்சும் ஆஸ்திரேலியாவும் 24க்கு 24 என்று நிற்கின்றன. நேரம் முடியப் போகிறது. இந்த ஆட்டத்தில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பக்கத்திலோ பின்னாலோதான் தட்டிவிட வேண்டும், ஆனால் ஆள் மட்டும் முன்னேறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பல கை மாறிப் போன பந்து, இடது ஓரத்தில் ஓடி வந்த 15ஆம் நம்பர்க்காரரிடம் வந்து சேர்கிறது. 15 என்றால் எல்லோருக்கும் பின்னால் நின்று காவல் காக்கிற இடம். கபடியில் நம்மைத் தாண்டினால் கதை முடிந்தது என்று கடைசியில் ஒருவன் நிற்பானே, கிட்டத்தட்ட அப்படி. அந்தக் காவல்காரர் பின்னாலிருந்து கிளம்பி வந்து, மேலே ஒரு ஆள் விழ விழ, மூலையில் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில் பதித்துவிட்டார். அப்போது அதற்கு 4 புள்ளிதான், 1992க்குப் பிறகுதான் 5 ஆனது. கூடவே ஓரத்திலிருந்து அதே அணியின் கம்பராபெரோ கம்பங்களுக்கு நடுவே உதைத்த 2 புள்ளி உதையும் உள்ளே போக 30க்கு 24. இறுதிப் போட்டியில் நியூசிலாந்திடம் 29க்கு 9 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், அது வேறு கதை, கண்டிக்காரன் அதைப் போட்டே காட்டமாட்டான்.

அந்த 15ஆம் நம்பர்தான் பிளாங்கோ. வெனிசுலாவின் கராகசில் 1958இல் பிறந்தவர். அப்பா அந்த ஊர்க்காரர், அம்மா பாஸ்க் இனத்துப் பெண். அப்பா சீக்கிரமே இறந்துவிட, சின்னக் குழந்தையாக அம்மாவோடு பிரான்சின் தென்மேற்குக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். நம்மைப் போல் கடலோரத்தில் வளர்ந்தவர் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். பியாரிட்ஸ் என்ற அந்தக் கடற்கரை ஊரின் அணியை விட்டு வேறு அணிக்கு அவர் கடைசிவரை போகவே இல்லை. 1980இல் பிரிட்டோரியாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகத் தொடங்கி 1991 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்திடம் தோற்றது வரை நாட்டுக்காக 93 ஆட்டம், அன்றைக்கு உலகத்திலேயே யாரும் அவ்வளவு ஆடியதில்லை. கோட்டைத் தாண்டிப் பந்தைப் பதித்தது 38 தடவை. பிரான்சில் அந்தக் கணக்கை முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவராலும் தாண்ட முடியவில்லை. ஐந்து நாட்டுப் போட்டியில் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்த 1981, 1987 அணிகள் இரண்டிலும் இருந்தார். ஆனால் சொந்த ஊர் அணிக்குப் பிரெஞ்சுப் பட்டம் வாங்கித் தர மட்டும் கொடுத்து வைக்கவில்லை. 1992இல் இறுதிப் போட்டி வரை கொண்டுபோய் துலோன் அணியிடம் 19க்கு 14 என்று தோற்றார், அதுதான் அவருடைய கடைசி ஆட்டமும். அதற்குப் பிறகு பியாரிட்ஸ் பட்டம் வாங்கியபோது வருஷம் 2002 ஆகிவிட்டது.

சட்டை எங்கே இதில் வருகிறது என்றால், அந்தக் காலத்தில் ரக்பி ஆடினால் சம்பளம் கிடையாது. 1995இல்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். அதனால் இவ்வளவு ஆடியும் ஆட்டத்தில் காசு பார்க்காத மனுஷன், அதை விட்ட பிறகு தன் பெயரிலேயே துணி வியாபாரம் தொடங்கி, முதுகில் சுமந்த 15ஐ அடையாளமாக வைத்தார். அதோடு நிற்கவில்லை, ஆந்தாய் என்ற ஊரில் கடல் தண்ணீரில் குளிப்பாட்டிச் சிகிச்சை தரும் விடுதியும் அவர் பெயரில் இருந்தது. நம்ம அக்னி தீர்த்தத்தில் ஜனங்கள் இலவசமாகத்தான் முழுகிவிட்டு வருகிறார்கள், யாருக்கும் இந்த யோசனை வரவில்லை பாருங்கள்.

காக்கா முதலில் 250 என்றார். நான் முகத்தை அடக்கி வைத்திருக்க வேண்டும், அந்தச் சாமர்த்தியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. “இது யாரு தெரியுமா காக்கா” என்று ஆரம்பித்து சிட்னி கதை முழுவதையும் சொல்லி முடித்தேன். அவரும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, “அப்பேர்ப்பட்ட ஆளா? அப்ப 350 குடுங்க தம்பி” என்றார். கொடுத்தேன், வேறென்ன செய்ய.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் இடது அக்குளில் இரண்டு விரல் அகலத்துக்குத் தையல் விட்டிருந்தது. கடையில் அந்தப் பக்கம் தெரியாதபடி மடித்து வைத்திருந்தார்கள், இதைத்தான் நான் கடையின் மேல் குறையாகச் சொல்வேன். அடுத்த வாரம் போய்க் கேட்டதற்கு, “பழசு வாங்குறப்பவே பாத்து வாங்கணும்ல தம்பி” என்று சொல்லிவிட்டு ஒரு டீ வாங்கித் தந்தார். மாற்றித் தரமாட்டார், காசும் திரும்பாது, டீ மட்டும் வரும். உச்சிப்புளியில் ஒரு தையற்காரர் இருபது ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்துவிட்டார், இப்போது தெரியவே தெரியாது.

துணியைப் பற்றிச் சொன்னால், எத்தனை பேர் போட்டுக் கழற்றியதோ தெரியாது, இன்னமும் தளர்ந்து போகவில்லை. காலர் மட்டும் மடிப்பில் கொஞ்சம் நைந்திருக்கிறது. எங்கள் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, அதில் துவைத்தால் எந்தக் கருநீலமும் மூன்றே மாதத்தில் சாம்பல் ஆகிவிடும் என்பதால் குடத்துக்கு விலை கொடுத்து வாங்கும் நல்ல தண்ணியில்தான் அலசுகிறேன். “குடிக்கிற தண்ணியில சட்டை அலசுறீகளே, உங்களுக்கே நல்லாருக்கா?” என்று வீட்டில் ஒரே சத்தம். அப்புறம், இது குளிர்ந்த ஊருக்கு நெய்த துணி, அதன் மேல் தப்புச் சொல்ல முடியாது, ஆனால் பகல் பதினோரு மணிக்கு மீன் ஏலம் நடக்கிற இடத்தில் போட்டுக்கொண்டு நின்றால் முதுகில் உப்புப் பூத்துவிடும். சாயங்காலம் அரியமான் கரையில் காற்று வாங்கப் போகும்போது போடுங்கள், அவ்வளவு சுகம். ஏலத்தில் ஒருத்தர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, படகு நம்பரா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வெயிலில் நின்றுகொண்டு சிட்னி கதையை ஆரம்பிக்கத் தெம்பில்லை.

சரக்குக்கு ஐந்தில் நாலு, நேர்மைக்கு இரண்டு, டீக்கு ஐந்து. கண்டிக்காரனுக்குச் சட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன், அவனுக்கும் ஒன்று வேண்டுமாம். போகிறவர்கள் கவனிக்க: உள்ளே இடது பக்கம், அந்தக் கோட்டுக்குப் பின்னால், இதே மாதிரி வெள்ளையில் ஒன்று தொங்கியது, கையில் லேசாக மஞ்சள் கறை. அக்குளைப் பார்த்துவிட்டு எடுங்கள். காக்கா பதினஞ்சு வயசுப் பையனுக்கு என்று சொன்னால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு 200க்குக் கேளுங்கள், பிளாங்கோ பெயரை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள்.