பல் கறை போகும் என்று நம்பி 4,860 ரூபாயைப் பறிகொடுத்தேன்

நேற்று மாலையோடு என் 4,860 ரூபாய் போனது உறுதியாகிவிட்டது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுதவிடாது.

நான் தருமபுரி மாவட்டத்தில் தையல் கடை வைத்திருப்பவன். 4,860 ரூபாய் என்பது எனக்கு நாற்பது சீருடைச் சட்டை தைத்த கூலி. அதைப் பள்ளி திறக்கும் பருவத்தில் இரவெல்லாம் மிஷின் மிதித்துச் சேர்த்தேன்.

எங்கள் பக்கத்துப் பற்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அதைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல் முதலில் சுண்ணாம்பு போல வெளுக்கும், பிறகு பழுப்பேறும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியபோது என் மகளுக்கு ஐந்து வயது. எங்கள் தெருக் குழாய்க்கு அந்தத் தண்ணீர் எட்டுவதற்குள் அவள் முன்பற்கள் பழுத்துவிட்டன. இந்த ஆண்டு கல்லூரியில் சேருகிறாள். சிரிக்கும்போதெல்லாம் துப்பட்டா நுனி வாய்க்குப் போகிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனை ஏமாற்றப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை.

கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. வெளிநாட்டு அழகுப் பொருட்களை இணையத்தில் விற்கும் கடை. பெயர் போட்டு அதற்கு இன்னொரு விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. 'நிக்கோமெத்தனால் ஹைட்ரோபுளோரைடு' என்று வாயில் நுழையாத ஒரு பெயர். பல்லுக்குப் பற்பசையாகவும் முடிக்குத் திரவமாகவும் ஒரே பொருள். பற்பசையில் 2500 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 2500 பங்கு) புளோரைடு என்று கொட்டை எழுத்தில் பெருமை வேறு. எண்ணைக் கொடுத்த பத்தாவது நிமிடம் ஒரு பெண் அழைத்தாள்.

"அண்ணா, பாப்பாவின் பல்லை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்றாள். அனுப்பினேன். உடனே விலை பேசவில்லை. அரைமணி நேரம் கழித்து, மருத்துவரிடம் காட்டியதாகச் சொல்லி மறுபடியும் அழைத்தாள். "தருமபுரிப் பக்கமா அண்ணா? அந்தத் தண்ணீர்தானே?" என்று அவளே கேட்டாள். அந்த இடத்தில்தான் விழுந்தேன். எங்கள் தண்ணீர் தெரிந்தவளுக்கு எங்கள் பல்லும் தெரியும் என்று நம்பிவிட்டேன். முகவரியில் ஊர் இருந்தது, அதைப் படித்திருக்கிறாள், அவ்வளவுதான்!

எனக்கும் ஒரு சந்தேகம் எழத்தான் செய்தது. புளோரைடால் வந்த கறைக்குப் புளோரைடே மருந்தா என்று கேட்டேன். "முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும் அண்ணா?" என்றாள். பழமொழி சொன்னால் வாயடைத்துப்போகிற ஆள் நான். அக்காவுக்கு முடி கொட்டுகிறதா என்றும் விசாரித்தாள். எந்த வீட்டில் கொட்டவில்லை? மூன்று பற்பசை 3,360, முடித் திரவம் 1,350, அனுப்பும் செலவு 150. ஆக 4,860 ரூபாய், முன்பணமாக. வெளிநாட்டுச் சரக்கு என்பதால் வீட்டில் வாங்கிக்கொண்டு பணம் தரும் வசதி கிடையாதாம். யுபிஐயில் அனுப்பினேன். கடையின் பெயரில் இல்லாமல் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் திரையில் வந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பொட்டலம் வந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் என் மைத்துனர் அன்று வீட்டில் இருந்தார். பற்பசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாமா, இதில் ஒன்றுமே இல்லையே" என்றார். புளோரைடு உள்ள பற்பசை என்றால் அது எத்தனை பி.பி.எம்., காலாவதி எப்போது என்று அட்டையிலும் குழாயிலும் அச்சிட்டிருக்க வேண்டுமாம். நம் நாட்டில் உச்சவரம்பே 1000தானாம். இறக்குமதி என்றால் பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவர் முகவரியும் வேண்டும். எதுவும் இல்லை. மேலே ஒட்டியிருந்த தாளை நகத்தால் கீறினார். அடியில் ஏதோ முகப்பூச்சின் பெயர் இருந்தது. முடித் திரவத்தை முகர்ந்து பார்த்த என் மனைவி, பன்னீரில் தண்ணீர் கலந்தது போல இருக்கிறது என்றாள்.

மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போனேன். அந்த அம்மா திட்டவில்லை, அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. "பெயர் பொய்யில்லை. ஐரோப்பாவில் பற்பசைக்கு அனுமதித்த புளோரைடுகளில் இதுவும் ஒன்று. அங்கேயே 1500 பி.பி.எம்.தான் எல்லை. ஆனால் அது சொத்தை விழாமல் பல்லைக் காப்பதற்கு. உங்கள் மகளின் கறை மேலே படிந்ததில்லை, பல்லின் மேல் ஓடான எனாமல் உருவாகும்போதே உள்ளே சேர்ந்தது. எந்தப் பற்பசையும் அதை எடுக்காது" என்றார். அதைத் தலையில் தடவினால் முடி முளைக்கும் என்று யார் சொன்னது என்றும் கேட்டார். 1937-லேயே சென்னை கிண்டியில் உள்ள கிங் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் நெல்லூர்ப் பக்கம் தண்ணீரால் வரும் இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார்களாம். இன்னும் நாம் விளம்பரத்தை நம்புகிறோமே என்று பெருமூச்சு விட்டார். எனாமலின் மேற்பரப்பை மெல்லத் தேய்த்து எடுக்கலாம், வெளுக்க வைக்கலாம், ஆழமான கறை என்றால் மேலே பூச்சு வைக்கலாம் என்று விளக்கினார். இதை 4,860 ரூபாய்க்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு அந்தக் கடையோடு நடந்தது தனிக் கூத்து. முதல் அழைப்பில் "விசாரிக்கிறேன் அண்ணா". மூன்றாம் நாள் அதே குரல், ஆனால் "சார்" ஆகிவிட்டேன். பொட்டலத்தைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால்தான் புகாரை ஏற்பார்களாம். ஐந்தாம் நாள் வேறு ஆள் பேசினான். பற்பசையைத் திறந்துவிட்டதால் திருப்ப முடியாது என்றான். திறக்காத இரண்டு இருக்கிறதே என்றேன், அது கிடங்குப் பிரிவின் வேலை என்றான். கிடங்குப் பிரிவின் எண் என்று கொடுத்தது அந்தப் பெண்ணின் எண்ணேதான்! எட்டாம் நாள், பணத்துக்குப் பதிலாக 500 ரூபாய் தள்ளுபடிச் சீட்டு தருகிறோம், மறுபடி 2,000 ரூபாய்க்கு வாங்கினால் செல்லும் என்று செய்தி வந்தது. நேற்று மாலை அழைத்தேன். எண்ணைத் தடுத்துவிட்டார்கள். மகளின் பல் படம் இன்னும் அவர்களிடம் இருக்கிறது. பணத்தைவிட அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். கடையில் ஆள் காத்திருக்கிறார், சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் போனது தெரிந்ததும் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், என்னைப் போல எட்டு நாள் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. இணையக் கடைக்குக் குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இணைய வணிகத்துக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றனவாம். அப்படி ஒருவரின் பெயரே கடைப் பக்கத்தில் இல்லை என்றால் வாங்காதீர்கள். கடைக்குப் பதில் தனி ஆள் பெயர் திரையில் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். பிள்ளைகளின் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இரண்டு எண்களிலும் புகார் பதிந்திருக்கிறேன். அந்த மூன்று பற்பசையும் திரவமும் அலமாரி மேல்தட்டில் இருக்கின்றன. என் மனைவி அவற்றைக் குப்பையில் வீசத் துடிக்கிறாள். சாட்சிக்கு வேண்டும், தொடாதே என்று பழைய துணியில் கட்டி வைத்திருக்கிறேன்.