பழைய டிஸ்க்குக்கும் விலை தரும் குன்னூர்க் கடை

குன்னூர் பெட்போர்டு அருகே, இருவர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வாசலில் காத்திருக்க வேண்டிய அளவுக்குச் சிறிய இந்த வீடியோ கேம் கடைக்கு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்த என் மகனுக்குக் கன்சோல் வாங்கச் சென்றேன். விளையாட்டு டிஸ்க்கைப் போடும் டிரைவ் இல்லாத பிளேஸ்டேஷன் 5 விலை குறைவு என்பதால் அதையே கேட்டேன். 2021 பிப்ரவரியில் அது இந்தியாவுக்கு வந்தபோதே, டிரைவ் உள்ளது 49,990 ரூபாய், இல்லாதது 39,990 ரூபாய் என்றுதான் விலை வைத்தார்கள். கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுக்காமல், "அந்தப் பத்தாயிரத்தை நீங்க கேம் வாங்கும்போது கட்டிடுவீங்க, சார்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கன்சோல் தொழிலின் லாபம் பெரும்பாலும் விளையாட்டுகளிலிருந்தே வருகிறது. 2006-இல் சோனி, பிளேஸ்டேஷன் 3-க்கு 599 டாலர் வரை விலை வைத்தும் அடக்க விலைக்குக் குறைவாகவே விற்றது. எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களை ஒருபோதும் லாபத்துக்கு விற்றதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் 2021-இல் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். அந்த நட்டத்தை, தங்கள் ஆன்லைன் கடையில் விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் ஏறத்தாழ 30 சதவீதம் எடுத்துக்கொண்டு ஈடுகட்டுகிறார்கள். சிறு தேயிலை விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு, அடக்கத்துக்கும் கீழே விற்பது என்றாலே பதைப்பு. பச்சைத் தேயிலையில் போனதை மீட்க எங்களுக்கு இரண்டாவது சரக்கு கிடையாது. அப்படி மீட்க முடியாமல்தான் டிரீம்காஸ்ட் என்ற கன்சோலைச் செய்த சேகா நிறுவனம் 2001-இல் கன்சோல் தயாரிப்பையே கைவிட்டது. நின்டெண்டோ மட்டும் 2006-இல் மலிவான பாகங்களைக் கொண்டு வீ கன்சோலைச் செய்து, 250 டாலருக்கு விற்றும் தொடக்கத்திலிருந்தே லாபம் பார்த்தது. பத்துக் கோடிக்கு மேல் விற்றது.

டிரைவ் இல்லாமல் விளையாடுபவருக்கு, பதிவிறக்க கன்சோல் நிறுவனத்தின் ஆன்லைன் கடை ஒன்றுதான், அந்தக் கடை சொல்வதே விலை. பழைய டிஸ்க் கைமாறும்போது கன்சோல் நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் போவதில்லை. அந்தப் பணம் இத்தகைய சிறு கடைக்கும் நம்மைப் போன்றோருக்கும் மிஞ்சுகிறது. ஆகவே டிரைவ் உள்ளதையே வாங்கினோம். 2,200 ரூபாய்க்கு எடுத்த பழைய டிஸ்க்கை ஏழு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது, வேறொரு டிஸ்க்கின் விலையில் 1,700 ரூபாய் கழித்துத் தந்தார். டிஸ்க்கை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து, கீறல் இருந்தால் விற்பதற்கு முன் அவரே சொல்லிவிடுகிறார். அப்டேட்டுக்கு இணையம் தேவைப்பட்டாலும், மழைக்காலத்தில் இணையம் படுத்துவிடும் எங்கள் ஊரில், முழு விளையாட்டையும் பதிவிறக்க இரவெல்லாம் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மாற்றிய டிஸ்க்குக்கு ரசீது தருவதில்லை. இதை அவர் கட்டாயம் திருத்த வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவித்த நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல்களுக்குக் கடையின் மூன்று மாத வாரண்டி மட்டுமே என்பதால், வாங்குவோர் அதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. புதிய கன்சோலின் விலையில் பேரம் பேசிப் பயனில்லை. அதில் தமக்கு நிற்பது மிகச் சொற்பம் என்பதைக் கொள்முதல் பில்லைக் காட்டியே சொன்னார். கன்ட்ரோலர் பழுதானால் கோவைக்கு அனுப்புகிறார். திரும்பி வரப் பத்து நாள் ஆகிறது.