கிங் ரேஞ்ச் சேணக் கடையும் அந்த வளைந்த டபிள்யூவும்

டெக்சாஸில் கிங்ஸ்வில் பக்கம் போகிறவர்கள் முதலில் கிங் ரேஞ்ச் என்ற மாட்டுப் பண்ணையின் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் அதன் சேணக் கடைக்குப் போங்கள். நான் அப்படித்தான் போனேன். அதனால்தான் கடையில் எடுத்த தோல் பெல்ட்டில் இருந்த முத்திரையை அவ்வளவு நேரம் விரலால் தடவிக்கொண்டே நின்றேன்.

முத்திரையின் பெயர் 'ரன்னிங் டபிள்யூ'. கூர்முனை எங்கும் இல்லாமல், தண்ணீர் ஓடுவது மாதிரி வளைந்து போகும் எழுத்து. 1853-இல் இங்கே நிலம் வாங்கிய நீராவிப் படகுக் கேப்டன் ரிச்சர்ட் கிங், 1869-இல் இதைத் தன் மாடுகளின் சூட்டுக்குறியாகப் பதிவு செய்தார். அவர் பெயரிலேயே டபிள்யூ கிடையாது, பிறகு ஏன் இந்த எழுத்து? சாண்டா கெர்ட்ரூடிஸ் ஓடையின் வளைவு என்கிறார்கள், லாங்ஹார்ன் மாட்டின் கொம்பு என்கிறார்கள், புதரில் நெளியும் ரேட்டில் பாம்பு என்றும் ஒரு கதை உண்டு. எனக்குப் பாம்புக் கதைதான் பிடித்தது. ஆனால் சூட்டுக்கோலை மனதில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று புரிகிறது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் சூடு கூடித் தோல் ஆழமாக வெந்துவிடும், புண் ஆறும்போது குறி கலங்கிப்போகும். இந்த டபிள்யூவில் வெட்டும் கோடே இல்லை, மூடிய வளையமும் இல்லை. மாட்டுக்கும் வேதனை கொஞ்சம் குறையும், தூரத்திலிருந்து பார்த்தாலும் யார் மாடு என்று தெரியும். காரணம் எதுவாக இருந்தாலும், வேலை தெரிந்த ஒருவர் தேர்ந்தெடுத்த வடிவம் இது.

அந்தக் கோலைப் பிடித்த கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1854-இல் மெக்சிகோவின் க்ரூயாஸ் என்ற ஊர் வறட்சியில் தவித்தபோது கிங் அங்கிருந்த மாடுகளையெல்லாம் வாங்கினாராம், திரும்பும் வழியில் மாடு போன பிறகு இவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று யோசித்து, ஊர் மக்களையே பண்ணைக்கு வரச் சொல்லி அழைத்தாராம். அவர்கள் வழிவந்தவர்களுக்கு 'கினேன்யோஸ்', அதாவது கிங்கின் ஆட்கள், என்று பெயர். மாடு மேய்க்கும் நுட்பம் முழுக்க அவர்களுடையது, பண்ணையின் புகழ் கிங்குக்கு எவ்வளவு சேருமோ அவ்வளவு அவர்களுக்கும் சேர வேண்டும். அருங்காட்சியகத்தில் 1940-களில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோனி ஃப்ரிசெல் எடுத்த பண்ணைப் படங்கள் இருக்கின்றன, அவற்றின் முன் அவசரப்படாமல் நில்லுங்கள்.

நம்ம ஆட்களுக்கு ஒரு செய்தி. இந்தப் பண்ணை உருவாக்கிய சாண்டா கெர்ட்ரூடிஸ் என்ற சிவப்பு மாட்டினம் ஷார்ட்ஹார்ன் என்ற பிரிட்டிஷ் மாடும் பிராமன் மாடும் கலந்தது, 1940-இல் அரசு அங்கீகாரம் பெற்றது. பிராமன் என்பது இந்தியத் திமில் மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கியது, அதற்கு அடிப்படையான இனங்களில் நெல்லூர் மாடும் ஒன்று. அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூரின் வெயில் தாங்கும் உடம்பு தெற்கு டெக்சாஸில் நிற்பதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

சரி, கடைக்கு வருகிறேன். பண்ணை ஆட்களுக்கு வேண்டிய சேணங்களைச் சொந்தமாகச் செய்யவென்று கிங் தொடங்கிய பட்டறையின் தொடர்ச்சி இது, இப்போது ஊர் நடுவில் ராக்லண்ட் கட்டடத்தில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் தோல் வாசனைதான் முதலில் வரவேற்கும். இந்த டபிள்யூவை ஃபோர்டு பிக்கப் வண்டிகளின் 'கிங் ரேஞ்ச்' பதிப்பு இருக்கையில் பார்த்தவர்கள்தான் அதிகம், 2001 மாடலிலிருந்து அங்கே வருகிறது. ஆனால் கனமான தோலில் அழுத்தி, ஓரம் இலேசாகக் கருத்துத் தெரியும்போதுதான் அது சூட்டுக்குறி என்பதே உறைக்கிறது. பெல்ட் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, தினமும் கட்டுகிறேன். தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை, நிறம் மட்டும் தேன் நிறத்திலிருந்து புளி நிறத்துக்குப் போய்விட்டது, முத்திரையின் வளைவு இன்னும் விரலில் தட்டுப்படுகிறது.