ஒரே பாத்திரத்தில் மீனும் காயும்: ஓவன் ட்ரேயா, திறந்த வாணலியா, மூடிய வாணலியா?

மீன் வேக ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் போதும். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகள் மீனின் உட்பகுதிக்குக் கேட்கும் சூடே 63 டிகிரிதான். கேரட்டும் உருளைக்கிழங்கும் அவ்வளவு எளிதில் மசியாது. அவற்றின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் இளக 85 டிகிரியாவது வேண்டும், அந்தச் சூடு சற்று நேரம் நீடிக்கவும் வேண்டும். "எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள், இருபது நிமிடத்தில் இரவு உணவு தயார்" என்னும் குறிப்புகள் இந்த 25 டிகிரி வித்தியாசத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஒருமுறை அப்படியொரு குறிப்பை நம்பிச் செய்தேன். உருளைக்கிழங்கு நறுக்கென்று கடிபட்டது, மீன் சக்கையாகிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான்: வேலை முடிந்து களைத்து வரும் நாளில், இந்த வித்தியாசத்தை அதிகம் படுத்தாமல் சமாளிக்கும் பாத்திரம் எது?

ஓவன் ட்ரேக்குத்தான் புகழ் அதிகம். 220 டிகிரி சூட்டில் காயின் ஓரங்கள் பொன்னிறமாகி இனிப்பு ஏறும், அந்த நேரத்தில் நம் கைக்கும் ஓய்வு. ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ஓவன் சூடேறவே 10 முதல் 15 நிமிடம் போகும். இரண்டு சென்டிமீட்டர் அளவில் நறுக்கிய உருளைக்கிழங்குக்கு 25 முதல் 30 நிமிடம். 2.5 சென்டிமீட்டர் கனமுள்ள மீன் துண்டுக்குப் பத்து நிமிடம். கனடிய முறை என்று சமையற்காரர்கள் சொல்லும் பழைய கணக்கு இதுதான்: அங்குலத்துக்குப் பத்து நிமிடம். ஆகவே கிழங்கு முதலில் உள்ளே போக வேண்டும், மீன் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் சேர வேண்டும். கூட்டிப் பார்த்தால் முக்கால் மணி நேரத்தை நெருங்குகிறது.

கிழங்கை விட்டுவிட்டு பிரக்கோலி, குடைமிளகாய், சுக்கினி என்று சீக்கிரம் வேகும் காய்களாக எடுத்தால் நேரம் நன்றாகக் குறையும். அவற்றுக்கு ஏழெட்டு நிமிடம் முன்தொடக்கம் கொடுத்தால் போதும். ட்ரேயில் இடம் விட்டுப் பரப்புவது முக்கியம். குவித்தால் காயிலிருந்து வரும் நீரே ஆவியாகி அவித்துவிடும், பொன்னிறம் வராது. மீனின் வால்பக்கம் மெலிந்திருந்தால் அதை அடியில் மடித்துவிடுங்கள், இல்லையென்றால் அது முதலில் காயும். சால்மன் மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ பொங்கி வழிந்தால் பயப்பட வேண்டாம். சூடு மிஞ்சி, சதை சுருங்கி, உள்ளிருந்த புரதம் வெளியே வந்திருக்கிறது. அடுத்த முறை இரண்டு நிமிடம் முன்னால் எடுங்கள்.

திறந்த வாணலியில் கிடைக்கும் சுவைக்கு மற்ற இரண்டும் ஈடில்லை, ஆனால் அது முன்கோபி. மீனைத் துணியாலோ காகிதத்தாலோ ஈரம் போக ஒற்றி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் தோல்பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் அது வற்றும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, முறுகல் நிறம் பிடிக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும். வைத்த பிறகு மூன்று, நான்கு நிமிடம் தொடக்கூடாது. அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் வாணலியோடு தங்கிவிடும், பொறுத்தால் தானே விடும். அதன்பிறகு மீனை ஒரு தட்டுக்கு மாற்றி, அதே எண்ணெயில் காயை வதக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கரைத்து, மீனை மறுபடி மேலே வைக்கிறோம். இங்கே இரண்டு சூடுகளும் தனித்தனியாகவே நடப்பதால் எதுவும் கெடாது. ஆனால் அடுப்பை விட்டு நகர முடியாது. இரண்டு பேருக்கு மேல் என்றால் வாணலி கொள்ளாது. வாடை திரைச்சீலை வரைக்கும் போகும். "ஒரே பாத்திரம்" என்ற பேச்சும் அந்தத் தட்டோடு பொய்யாகிவிடுகிறது.

வார நாட்களுக்கு நான் சொல்வது மூடிய வாணலி. அடிகனமான, அகலமான வாணலியில் வெங்காயமும் பூண்டும் வதங்கியதும், அரை சென்டிமீட்டர் கனத்தில் சீவிய கேரட், உருளைக்கிழங்கு, அரைக் கோப்பைத் தண்ணீர், உப்பு. மூடி, எட்டு முதல் பத்து நிமிடம். கத்தி நுனி எளிதாக இறங்கினால் பீன்ஸ் போன்ற இளங்காய்களைச் சேர்த்து இன்னும் மூன்று நிமிடம். பிறகு காய்மெத்தைமேல் மீனைப் பரப்பி, தீயைக் குறைத்து, மூடி ஆறு முதல் எட்டு நிமிடம்.

அடியில் கொதிக்கும் சாற்றில் காய் கிடக்கிறது, மீன் அந்தச் சாற்றைத் தொடாமல் காய்மேல் ஆவியில் இருக்கிறது. ஒரே வாணலிக்குள் இரண்டு விதமான சூடு. தொலைபேசி மணி அடித்தாலும் அடுப்பை அணைத்து மூடியைத் திறக்காமல் விட்டுவிடலாம், மிச்சச் சூட்டில் மீன் பக்குவமாகும். உறைந்த மீன் துண்டைக் கரைக்க மறந்த நாளிலும் கைகொடுப்பது இதுதான். அதிலிருந்து கசியும் நீர் ட்ரேயையும் திறந்த வாணலியையும் கெடுக்கும், இங்கே சாறாகிவிடும். நேரம் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும்.

இதில் ஒரு பொறி உண்டு. தக்காளியையும் எலுமிச்சையையும் தொடக்கத்திலேயே போட்டுவிடாதீர்கள். புளிப்பு பெக்டினை இளகவிடாது, உருளைக்கிழங்கு அரை மணி நேரம் ஆனாலும் விறைத்தே கிடக்கும். காய் வெந்த பிறகு தக்காளி, இறக்கும்போது எலுமிச்சை. மீன் வாடைக்குக் காரணமான அமின்கள் புளிப்போடு சேர்ந்தால் எளிதில் காற்றில் கலப்பதில்லை. எலுமிச்சையின் வேலையே அதுதான், வேலை முடிவில்தான்.

குறையும் உண்டு: பொன்னிறம் வராது, தோல் ரப்பர் போலாகிவிடும். தோல் நீக்கிய துண்டாக வாங்குவதே மேல். பார்வைக்குச் சற்று வெளிறித் தெரிவதை மிளகுத்தூளும் கொஞ்சம் நல்ல எண்ணெயும் தேற்றிவிடும்.

மீனின் ரகமும் முடிவை மாற்றும். சால்மன், கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்கள் ஓவனின் வறட்டுச் சூட்டைத் தாங்கும். காட் போன்ற கொழுப்பில்லாத வெள்ளை மீன் அங்கே ஒரு நிமிடம் தவறினாலும் உலர்ந்துவிடும், அதற்கு மூடிய வாணலியே கதி. நான்கு பேருக்கு மேல் சாப்பிட்டால் ட்ரேக்குப் போங்கள். தனியாக இருக்கும் இரவில், நல்ல புது மீன் கிடைத்திருந்தால், ஜன்னலைத் திறந்துவைத்துத் திறந்த வாணலிதான். ஓவனுக்கான பேக்கிங் தாளில் பொட்டலம் கட்டி ஓவனில் வைக்கும் முறையும் இருக்கிறது. மூடிய வாணலி செய்வதைத்தான் அதுவும் செய்கிறது, மடிக்கும் வேலை மட்டும் கூடுதல்.

கழுவும் இடத்தில் ட்ரேக்குச் சாதகம் அதிகம்: தாள் விரித்திருந்தால் சுருட்டி எறிந்துவிடலாம் (தாள் தாங்கும் சூடு எவ்வளவு என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள், 220 பலவற்றுக்கு எல்லைதான்). திறந்த வாணலியை ஊறப்போட வேண்டியிருக்கும். மூடிய வாணலியில் பாத்திரம் சுலபம், வாடை தங்குவது மூடியில். பிழிந்த எலுமிச்சைத் தோலை எறியாமல், அதனாலேயே மூடியின் உட்புறத்தைத் தேய்த்துப் பிறகு சோப்புப் போடுங்கள்.