செர்னா, ஒகினாவாவா, டர்பனா? ஆய்வுப் பயிற்சிக்குப் போகுமுன் காலண்டரைப் பாருங்கள்

ஜனவரி வந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பிக்கும். இளநிலை அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு முழுச் செலவையும் தரும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி என்று தலைப்பு. கீழே நீளமாகப் பெயர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அதில் பல உதவாது. அமெரிக்காவின் ஆர்.இ.யு. திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். ஜெர்மனியின் ரைஸ் திட்டம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கானது. சென்னையில் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்ளலாமே என்று ஐஐடி மெட்ராஸ் பக்கம் பார்க்கிறவர்களும் உண்டு. அதன் கோடைத் திட்டம் இந்தியக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்காக வைத்தது. இவற்றையெல்லாம் அடித்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம், ஜப்பானின் ஒகினாவா, அப்புறம் நம்ம டர்பன்.

எல்லாரும் முதலில் பணத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் காலண்டரிலிருந்து தொடங்கச் சொல்வேன். பட்டியல் போடுகிறவர்கள் ‘கோடை’ என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நமக்கு அது குளிர்காலம். ஜூனில் அரையாண்டுத் தேர்வு, பிறகு ஒரு சின்ன விடுமுறை, ஜூலைக் கடைசியில் இரண்டாம் பருவம். நம் நீண்ட விடுமுறை நவம்பர்க் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அந்த நேரத்தில் ஐரோப்பாவில் அவரவர் வகுப்பும் தேர்வுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள்.

செர்னை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் பெரியது, பயிற்சியும் உண்மையிலேயே பெரியதுதான். ஜூலையில் காலை வேளைகளில் துகள் இயற்பியல், முடுக்கிகள், கணிப்பியல் என்று விரிவுரைகள். மற்ற நேரமெல்லாம் ஓர் ஆய்வுக் குழுவோடு சொந்தத் திட்டவேலை. நாள் படி ஏறக்குறைய 90 சுவிஸ் பிராங்க். பயணத்துக்கும் உதவி உண்டு. நம் ராண்டுக் கணக்கில் பெருக்கினால் வீட்டில் எல்லாருக்கும் தலை சுற்றும். ஆனால் ஜெனீவாவில் அறை வாடகையும் சாப்பாடும் எப்படிப் போகும் என்று போனவர்களைக் கேளுங்கள். சேமித்து வரலாம் என்ற நினைப்பை விட்டுவிடுவது நல்லது.

சிக்கல் வேறு இடத்தில். குறைந்தது 8 வாரம் இருக்க வேண்டும். ஜூன் தேர்வு முடிந்த மறுநாளே விமானம் ஏறினாலும் ஆகஸ்ட் நடுவில்தான் திரும்ப முடியும். அதற்குள் இரண்டாம் பருவத்தில் மூன்று வாரம் போய்விடும். அந்த மூன்று வாரத்தில் நடக்கும் செய்முறை வகுப்புகளும் முதல் டெஸ்டும் கைவிட்டுப் போனால் டி.பி., அதாவது தேர்வு எழுதும் தகுதி, போகும். டி.பி. இல்லாமல் நவம்பரில் தேர்வு எழுத முடியாது என்பது இங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துறைத் தலைவர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் கொடுத்தால் சமாளிக்கலாம். வாய்வார்த்தையாகச் ‘சரி, பார்த்துக்கலாம்’ என்று சொல்வதை நம்பிப் போகாதீர்கள்.

இன்னொரு நிபந்தனையை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அந்தக் கோடைக்குள் மூன்று ஆண்டு முழுநேரப் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். நம் பி.எஸ்சி. மூன்று ஆண்டு, நவம்பரில் முடிகிறது. மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவருக்கு ஜூனில் இரண்டரை ஆண்டுதான் ஆகியிருக்கும். ஆகவே இது பி.எஸ்சி. முடித்து ஆனர்ஸ் என்ற நான்காம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கும் நான்காம் ஆண்டுப் பொறியியல் மாணவர்களுக்கும்தான் பொருந்தும். அவர்களுக்கோ அது ஆய்வேடு எழுதும் ஆண்டு. செர்னில் உறுப்பு நாடாக இல்லாத நாடுகளுக்கு இடமும் குறைவு; தென்னாப்பிரிக்கா அந்த வரிசையில்தான் வரும். துகள் இயற்பியலிலேயே தொடரப் போகிறவர் என்றால் முயலுங்கள். ஆனால் இந்த ஒரு வழிதான் என்று நினைக்க வேண்டாம். 2008இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க-செர்ன் கூட்டுத்திட்டம் கேப் டவுன் பக்கத்தில் இருக்கும் ஐதெம்பா ஆய்வுக்கூடத்தை மையமாக வைத்து நடக்கிறது. மேற்படிப்பில் செர்னின் ஆலிஸ், அட்லஸ் சோதனைகளில் சேர அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

வியன்னா பக்கத்தில் இருக்கும் ஆஸ்திரிய அறிவியல் தொழில்நுட்ப நிலையமும் எந்த நாட்டவரையும் கோடைப் பயிற்சிக்கு எடுக்கிறது. நல்ல இடம், ஆனால் அதே ஜூன்-செப்டம்பர் தொல்லை.

ஒகினாவாவின் கதை வேறு. அங்குள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இளநிலை வகுப்பே கிடையாது. முனைவர் பட்ட மாணவர்கள் மட்டும். 2011இல் பல்கலைக்கழகமானது. பேச்சு, எழுத்து எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் ஜப்பானிய மொழி தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். அதன் ஆய்வுப் பயிற்சி ஆண்டு முழுவதும் ஓடுகிறது. இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை, போகும் மாதத்தை நீங்களே சொல்லலாம். போகவர விமானக் கட்டணம், தங்குமிடம், நாள் படி மூன்றும் உண்டு. படி செர்ன் அளவுக்கு இல்லை. ஆனால் டிக்கெட்டும் வாடகையும் கையைக் கடிக்காது என்பதால் கணக்குப் பார்த்தால் இதுதான் நிம்மதியான ஏற்பாடு. டிசம்பர் தொடக்கத்தில் போய்ப் பிப்ரவரி முதல் வாரம் திரும்பினால் ஒரு வகுப்பும் தவறாது. தைப்பூசக் காவடி ஜனவரியில் வந்தால் அது மட்டும் தவறும். அம்மாவிடம் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒகினாவாவின் குறை என்னவென்றால், செர்ன்போல ஒரு பெரிய மாணவர் கூட்டம் சேர்ந்து பாடம் கேட்கிற கலகலப்பு இருக்காது. ஓர் ஆய்வுக் குழுவில் தனியாகப் போய் உட்கார வேண்டும். அந்தக் குழுத் தலைவருக்கு உங்களைப் பிடித்தால்தான் இடம். கடல் உயிரியல், நரம்பியல், குவாண்டம் இயற்பியல் படிப்பவர்களுக்கு வாய்ப்பு நிறைய. கட்டடப் பொறியியல் மாணவருக்கு அங்கே அவ்வளவாக வேலை இல்லை.

சவூதியின் கவுஸ்ட் பல்கலைக்கழகமும் இதேபோல ஆண்டு முழுவதும் எடுக்கிறது, மாதம் 1,000 டாலர். குறைந்தது மூன்று மாதம் என்கிறார்கள். நம் விடுமுறை அதற்கு இரண்டு மூன்று வாரம் போதாது. பட்டம் முடித்து ஆனர்ஸுக்கு முன் ஓராண்டு இடைவெளி விடுகிறவர்களுக்கு ஏற்றது.

மூன்றாவது வழி டர்பன். இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் 2020 டிசம்பரில் கொரோனாவின் பீட்டா வகையைக் கண்டறிந்து அறிவித்த கிரிஸ்ப் ஆய்வகம் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. காரூ வறண்ட நிலப்பகுதியில் அமையவிருக்கும் ஹைராக்ஸ் ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தை நடத்துவதும் அதே பல்கலைக்கழகம். டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம்பில் 1925 முதல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்கள் வெட்டிய அதே கரும்பின் மரபணுவை இன்று அவர்கள் வம்சத்துப் பிள்ளை ஆராயலாம்.

இங்கே விளம்பரம் இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘டியர் புரொபசர், உங்கள் ஆய்வகத்தில் ஏதாவது வாய்ப்பு உண்டா’ என்று பத்துப் பேருக்கு ஒரே மின்னஞ்சல் போனால் பத்தும் குப்பைக்குத்தான் போகும். அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எது புரியவில்லை, பைதான் தெரியுமா அல்லது பிபெட் பிடித்த பழக்கம் உண்டா, டிசம்பர் எத்தனையாம் தேதியிலிருந்து எத்தனை வாரம் வர முடியும் என்று எட்டு வரியில் எழுதுங்கள். பெரும்பாலும் பதில் வரும்.

பணம்? கொஞ்சமாகக் கிடைக்கும், சில இடத்தில் ஒன்றும் கிடைக்காது. ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அரசின் நிஸ்பாஸ் கல்வி உதவிப் படியும் கல்வியாண்டோடு நின்றுவிடும். வீட்டில் சாப்பாடு, டாக்ஸிக் காசு மட்டும் செலவு என்பதால்தான் இது கட்டுப்படியாகிறது. பொறியியல் மாணவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பட்டத்துக்கு வேக்வொர்க் (விடுமுறையில் செய்யும் வேலைப் பயிற்சி) வாரங்கள் கட்டாயமாக உள்ள துறையில், ஆய்வக வாரங்களை அதில் சேர்ப்பார்களா என்று முதலில் கேளுங்கள். சேர்க்காவிட்டால் ஒரு நிறுவனத்தில் சம்பளத்தோடு வேக்வொர்க் போவதே மேல்.

மூன்றையும் ஒரே ஆண்டில் துரத்த வேண்டாம். இரண்டாம் ஆண்டு முடிந்த டிசம்பரில் டர்பன், அடுத்த டிசம்பரில் ஒகினாவா, இயற்பியல் ஆனர்ஸ் என்றால் அதற்கப்புறம் செர்ன். இந்த வரிசையில் போனால் ஒவ்வொன்றும் அடுத்ததற்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கித் தரும். நேரில் வேலை வாங்கிய பேராசிரியர் எழுதும் கடிதம் வேறு, முந்நூறு பேர் வகுப்பில் மதிப்பெண் மட்டும் பார்த்தவர் எழுதும் கடிதம் வேறு.

தேதிகளை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செர்னுக்கு ஜனவரிக் கடைசி. ஒகினாவாவில் ஆண்டுக்கு இருமுறை விண்ணப்பம் வாங்குகிறார்கள். டிசம்பரில் போக நினைப்பவருக்கு ஏப்ரல் 15தான் கடைசி. அக்டோபரில் விண்ணப்பித்தால் அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகுதான் இடம். பிப்ரவரியில் வகுப்பு தொடங்கியதுமே ஆசிரியரிடம் கடிதம் கேட்டுவிடுங்கள். ஈஸ்டர் விடுமுறையில் அவர்களைப் பிடிக்க முடியாது.