அழகா, பூர்வீகமா? இடைக்கால இங்கிலாந்தின் வெள்ளிப் பென்னி வாங்குவோருக்கு

ஒரே விலைக்கு இரண்டு பென்னிகள் எதிரே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முதலாம் வில்லியத்தின் பேக்ஸ் வகை: பின்புறச் சிலுவையின் நான்கு மூலைகளிலும் வளையங்கள், வளையத்துக்கு ஓர் எழுத்தாக P, A, X, S. முதல் காசில் அரசரின் முகம் பளிச்சென்று நிற்கிறது, எழுத்து ஒன்றுகூட அழியவில்லை, மேலே இளநீலச் சாயல் ஓடுகிறது. அதன் பின்னணி பற்றி விற்பவர் தருவது ஒரே வரி: "பழைய சேகரிப்பு ஒன்றிலிருந்து." இரண்டாவதில் கழுத்தின் குறுக்கே மடிப்புத் தழும்பு, எழுத்து வட்டத்தில் கால்வாசி மழுங்கல். ஆனால் கூடவே முன்பு வைத்திருந்த சேகரிப்பாளர் பழைய கையெழுத்தில் எழுதிய ஒரு வட்டச் சீட்டு இருக்கிறது. கார்லியன்-பிரிட்டன் என்ற சேகரிப்பாளரின் காசுகள் 1913இல் ஏலம்போனபோது வந்த பட்டியலின் படப்பக்கத்தில் இதே காசு, இதே தழும்போடு இருக்கிறது.

இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன், அதற்குப் பூர்வீகம், அதாவது யார் கை மாறி வந்தது என்பதற்கான சான்று இருக்கிறது. எல்லாப் பென்னிக்கும் இது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தோற்றத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. இரு பக்கமும் அச்சு நடுவில் விழுந்திருக்க வேண்டும், முகம் தெரிய வேண்டும், விரிசல் கூடாது, ஓரம் வெட்டுப்பட்டிருக்கக் கூடாது. வெட்டுப்பட்டதைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும். பின்புறச் சிலுவையின் நீளத்தை வைத்துப் பெயர் பெற்றவற்றில், 1180 முதல் 1247 வரை ஓடிய குறுஞ்சிலுவைப் பென்னியும் அடுத்து வந்த நெடுஞ்சிலுவைப் பென்னியும் 1.4 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். 1351இல் அது 18 கிரெய்ன் (பழைய ஆங்கிலேய எடை அலகு), அதாவது 1.17 கிராம் ஆனது. 1412இல் 15 கிரெய்ன். 1464இல் 12 கிரெய்ன், வெறும் 0.78 கிராம். ஆண்டு பார்க்காமல் எடை குறைவு என்று ஒதுக்கினால் நல்ல காசு கைநழுவிப் போகும்.

தோற்றத்திலேயே முகத்துக்கு முன்னால் நான் வைப்பது பின்புற எழுத்தை. எட்கர் அரசர் 973 வாக்கில் செய்த சீர்திருத்தம் தொடங்கி 1279 வரை, காசை அடித்தவரின் பெயரும் அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) இருந்த ஊரின் பெயரும் பென்னியின் பின்புறத்தில் வந்துகொண்டே இருந்தன. "நிக்கோல் ஆன் லுண்ட்" என்றால் லண்டனில் நிக்கோல் என்பவர் அடித்தது. ஊர்ப்பெயர் மழுங்கி முகம் மட்டும் தெளிவாக இருக்கும் காசு, படத்தில் எவ்வளவு எடுப்பாக இருந்தாலும், பாதிக் காசுதான்.

அழகில் உள்ள பெரிய சங்கடம், அதைச் செய்ய முடியும் என்பதே. கறுத்த வெள்ளியை தையோயூரியா கரைசலில் சில விநாடி முக்கினால் வெண்மை வந்துவிடும். பிறகு கந்தகப் புகை காட்டினால் நீலமும் பொன்னிறமும் ஏறிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு லென்ஸ் போதும். மரப்பேழையில் பல பத்தாண்டு கிடந்து வந்த சாயல் எழுத்துகளின் அடிவாரத்தில் கருத்தும், கன்னம், கிரீடம் போன்ற மேடுகளில் வெளுத்தும் இருக்கும். செயற்கைச் சாயல் மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே சீராகப் படரும், விரிசலுக்குள்ளும் அதே நிறத்தில் இறங்கியிருக்கும். கன்னத்திலும் தலைமுடியிலும் உளியால் கோடு தீட்டிக் கூர்மையாக்குவதும் உண்டு. அச்சில் அடித்த கோட்டின் ஓரம் உருண்டு நிற்கும். செதுக்கிய கோட்டின் அடி கூராக, பளபளவென்று தெரியும். உழவு நிலத்தில் கிடந்த காசு என்றால் மேற்பரப்பு மணல்மணலாக அரித்திருக்கும். அதைத் தேய்த்து மினுக்கியிருந்தால் எழுத்தின் ஓரங்கள் வெண்ணெய்போல் மழுங்கித் தெரியும்.

இன்னொன்று. மடிந்த காசை நிமிர்த்த முயலாதீர்கள். மண்ணில் நூற்றாண்டுகள் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். விரல் அழுத்தத்திலேயே இரண்டாகும்.

இப்போது பூர்வீகம். நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்கிறோமே, அதே கேள்விதான்: இது யார் யார் கை மாறி வந்தது, முதலில் எந்த மண்ணில் எடுத்தது? பதில் மூன்று விதமாக வரும். ஒன்று, பெயர்பெற்ற சேகரிப்பு: 1895இல் விற்கத் தொடங்கிய மாண்டேகு, 1955 முதல் 1961 வரை பகுதி பகுதியாக ஏலம்போன லாக்கெட் போன்றவை. இரண்டு, தனியாகக் கிடைத்த காசின் பதிவு: 1180 வரையான காசுகளுக்குக் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத் தரவுத்தளம், மற்றவற்றுக்கு இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதுக்குமான கண்டெடுப்புப் பதிவுத் திட்டம். மூன்று, காசு எந்தப் புதையலில் கிடைத்தது என்று சொல்லும் புதையல் பெயர்.

மூன்றாவதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 1833இல் ஹாம்ப்ஷரின் போவர்த் கிராமத்தில் ஓர் ஈயப் பெட்டியில் 6,000க்கும் மேற்பட்ட பென்னிகள் கிடைத்தன, பெரும்பாலும் பேக்ஸ் வகை. அதனால் நல்ல பேக்ஸ் பென்னி எதைக் கண்டாலும் "போவர்த் புதையல்" என்று எழுதிவிடுகிறார்கள். அது ஊகம், பூர்வீகம் அல்ல. சீட்டோ பட்டியலோ இல்லாமல் வகையை மட்டும் வைத்துச் சொல்லும் புதையல் பெயருக்கு ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகத் தராதீர்கள்.

பூர்வீகத்தை நான் முன்னே நிறுத்தக் காரணம், மறுவிற்பனை. இந்தப் பென்னியை நீங்களோ உங்கள் பிள்ளைகளோ ஒருநாள் விற்கத்தான் போகிறீர்கள். அன்று வாங்க வருபவர் இரண்டே கேள்வி கேட்பார்: இது அசல்தானா, இதில் வில்லங்கம் இல்லையே? எவ்வளவு அழகான காசும் இந்த இரண்டுக்கும் தன் வாயால் பதில் சொல்லாது. சொல்லப்போனால், குறையே இல்லாத அழகு முதல் கேள்வியை இன்னும் கூர்மையாக்கும். 1913இன் படப்பக்கத்தில் இருக்கும் காசோ நேற்று அடித்த போலியாக இருக்க முடியாது. அன்றைக்கே போலியாக இருந்திருக்கலாம் என்பது உண்மை. ஆனால் நூறாண்டாக அறிஞர்கள் கண்ணில் பட்டும் தள்ளுபடியாகாத காசு அது.

வில்லங்கக் கேள்வி அதைவிடக் கனமானது. 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் 1997 செப்டம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. 300 ஆண்டுக்கு மேற்பட்ட, குறைந்தது 10 சதவீதம் வெள்ளியோ தங்கமோ உள்ள இரண்டு காசுகள் ஒரே கண்டெடுப்பில் கிடைத்தாலே அது புதையல். 14 நாளுக்குள் கொரோனரிடம் (புதையல் கண்டெடுப்புகளை விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். 2015இல் ஹெரிஃபர்ட்ஷரில் லியோமின்ஸ்டர் அருகே மெட்டல் டிடெக்டர் வைத்து ஒரு வைக்கிங் காலப் புதையலை எடுத்தவர்கள் மறைத்து விற்றார்கள். 2019இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று கருதப்பட்டதில் திரும்பக் கிடைத்தவை 30 சொச்சம்தான். ஆல்ஃபிரட் அரசரும், மெர்சியா என்ற பழைய ஆங்கில அரசின் இரண்டாம் சியோல்வுல்ஃபும் வெளியிட்ட அரிய "இரு பேரரசர்" வகைக் காசுகள் அவற்றில் இருந்தன. ஆகவே அந்த வகைப் பென்னி ஒன்று காகிதமில்லாமல் விற்பனைக்கு வந்தால், அது எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு தூரம் விலகி நில்லுங்கள். வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் காசும் போகும், கொடுத்த பணமும் போகும்.

1997க்கு முந்தைய ஒரு ஏலப் பட்டியலோ விற்பனைச் சீட்டோ இருந்தால் இந்தச் சட்டம் பற்றிய தலைவலி அங்கேயே தீர்ந்தது. பிறகு கிடைத்தது என்றால் பதிவு எண்ணையோ, அருங்காட்சியகங்கள் வேண்டாமென்று திருப்பித் தந்ததற்கான கடிதத்தையோ கேளுங்கள். பிரிட்டனுக்கு வெளியே இருந்து வாங்குபவருக்கு ஏற்றுமதி உரிமம் என்ற கேள்வியும் வரும். அங்கேயும் காசு எங்கே, எப்போது கிடைத்தது என்பதுதான் பேச்சு.

பூர்வீகத்தைச் சரிபார்ப்பது கடினம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் சம்மட்டியால் அடித்த காசில் அது எளிது, ஏனென்றால் ஒரு வில்லையைப் போல இன்னொரு வில்லை இருப்பதில்லை. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை போடுங்கள். பழைய பட்டியல்கள் கிரெய்னில் எழுதும், கிராமை 15.43ஆல் பெருக்குங்கள். 1.38 கிராம் என்றால் 21.3 கிரெய்ன். அடுத்து, முன்புறத்தை நேராகப் பிடித்துக் காசைத் திருப்பும்போது பின்புறத்தின் தலை எந்தப் பக்கம் நிற்கிறது என்று கடிகார முள்போலக் குறித்துக்கொள்ளுங்கள்; இதுதான் அச்சுத் திசை. பிறகு படத்தையும் உங்கள் காசின் புகைப்படத்தையும் ஒரே அளவில் அச்சிட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். முகத்தை ஒப்பிடாதீர்கள். முகம் அச்சிலிருந்து வருவது. அதே அச்சில் அடித்த எல்லாக் காசுக்கும் அதே முகம்தான். விளிம்பை ஒப்பிடுங்கள்: எந்த எழுத்து பாதியில் வெளியே போயிருக்கிறது, வட்டம் எங்கே தட்டையாகிறது, எங்கே பிளவு, எந்த இடத்தில் அடி விழாமல் மழுங்கியிருக்கிறது. பழைய படப்பக்கங்கள் பலவும் பிளாஸ்டர் வார்ப்பைப் படமெடுத்தவை என்பதால் நிறமும் கறையும் தெரியாது. அவை பொருந்தவில்லையே என்று பதற வேண்டாம். படத்தில் இல்லாத விரிசல் உங்கள் காசில் இருந்தால் பின்னால் வந்ததாக இருக்கலாம். படத்தில் இருக்கும் விரிசல் உங்கள் காசில் இல்லையென்றால் ஒன்று வேறு காசு, அல்லது யாரோ அடைத்திருக்கிறார்கள்.

தேடும் இடங்களும் கைக்கெட்டும் தூரத்தில்தான். பிரிட்டிஷ் நாணயவியல் ஆய்விதழின் பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசம். பழைய ஏலப் பட்டியல்கள் நியூமன் நாணயவியல் தளத்தில் நிறையக் கிடைக்கின்றன. பெரிய அருங்காட்சியகங்களின் காசுகளை எடையோடும் படத்தோடும் 1958 முதல் வெளியிட்டுவரும் சில்லோகி வரிசையும் உண்டு.

தொல்லை எங்கே என்றால், அன்றைய ஏலங்களில் சிறந்த காசுகளுக்கு மட்டுமே படம். மீதியெல்லாம் ஐந்து, பத்தாகச் சேர்த்து ஒரே லாட், அதாவது ஒரே எண்ணில் ஏலம்போகும் தொகுப்பு. அப்படி வந்தவற்றுக்குச் சீட்டு மட்டுமே சாட்சி, சீட்டையோ மாற்றி வைக்க முடியும். அதே ஊர், அதே ஆள் அடித்த நல்ல காசின் சீட்டு மட்டமான காசோடு சேர்ந்து வருவது புதிதல்ல. சீட்டில் எடை இருந்தால் ஒத்துப்பாருங்கள்; எழுத்துகளை அப்படியே படியெடுத்திருந்தால் மழுங்கிய இடம் ஒத்துவருகிறதா பாருங்கள். இரண்டும் இல்லாத சீட்டை அலங்காரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படமில்லாத ஐந்து பெரிய பெயர்களைவிடப் படத்தோடு வரும் ஒரே ஒரு சிறிய பெயரை நான் மேலாக மதிப்பேன்.

சரி, எங்கே அழகுக்கு விட்டுக்கொடுக்கலாம்? 1279இல் முதலாம் எட்வர்ட் கொண்டுவந்த புதிய பென்னியில். அடித்தவரின் பெயர் பெரும்பாலும் எடுபட்டுவிட்டது. லண்டன், கேன்டர்பரி காசுகள் ஏராளம். 1831இல் டட்பரியில் டவ் ஆற்றிலிருந்து வந்த புதையல் ஒன்றே லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடப்படுகிறது. இந்தப் பென்னிகளில் எடுப்பான ஒன்றை வாங்குங்கள். சாதாரண லண்டன் காசுக்குப் பூர்வீகம் தேடி அதிகம் கொடுப்பது வீண். அதே எட்வர்டின் அபூர்வ அக்கசாலை என்றால் மீண்டும் பழைய கணக்கே.

நேர் எதிர்முனையில் 1158 முதல் 1180 வரையான டீல்பி வகை. அவசர அவசரமாகச் சதுரம்போல வெட்டி, பாதி எழுத்து விழாமல் அடித்த காசுகள். 1807இல் லிங்கன்ஷரில் கிடைத்த டீல்பி புதையலில் 5,000க்கும் மேற்பட்டவற்றை லண்டன் டவரில் உருக்கியே விட்டார்கள். அழகான டீல்பி என்று காத்திருந்தால் ஆயுள் போய்விடும். ஊர்ப்பெயர் தெரிகிறதா, படம் வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் ஈத்தல்ரெட் அரசர் காலத்துப் பென்னிகளில் மட்டும் குறையே பூர்வீகமாகும். முகத்திலும் சிலுவையிலும் கத்தி நுனியால் குத்தியதுபோல் சின்னச் சின்ன வடுக்கள் இருக்கும். வைக்கிங்குகள் வெள்ளி அசலா என்று சோதித்த குத்துகள் அவை. ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பின்படி 991இல் மட்டும் வைக்கிங்குகளுக்கு 10,000 பவுண்டு கப்பம் போனது. ஸ்காண்டிநேவியாவுக்குப் போன காசு என்பதை அந்த வடுக்களே சொல்கின்றன. குத்து இல்லாததற்கே சந்தையில் விலை அதிகம். அதனால் குத்துப்பட்டதை மலிவாக வாங்கலாம்.

வாங்கிய பிறகு சீட்டைக் காசைப்போலவே பேணுங்கள். பிவிசி உறையில் இரண்டையும் போடாதீர்கள். அது பச்சைப் பசையாக வியர்க்கும். பேழை என்றால் மஹோகனி. ஓக் மரம் அமில ஆவி விடும். தரமதிப்பிட்டு மூடும் பிளாஸ்டிக் பெட்டிகளில் இந்தக் காசுகளை அடைக்க நான் சொல்ல மாட்டேன்: விளிம்பு பார்வையிலிருந்து போய்விடும், சீட்டும் பிரிந்துவிடும். முன்னவர்களின் சீட்டில் எதையும் எழுதாமல் புதிய அமிலமற்ற அட்டை ஒன்றை வெட்டி, எடை, அச்சுத் திசை, வாங்கிய நாள், லாட் எண், படம் வந்த பக்கம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி அதே பள்ளத்தில் காசுக்கு அடியில் வையுங்கள்.