வீட்டுப் பத்திரம் வரை கேட்கும் ஆன்மிகக் குழுக்கள்: வெளியே வந்தவள் எழுதுகிறேன்

வீட்டில் யாராவது தியானம், சத்சங்கம், ஜெபக்கூட்டம் என்று போக ஆரம்பித்து, சில மாதங்களில் பேச்சே மாறிப்போயிருந்தால் இதை முழுசாகப் படியுங்கள்.

நாங்கள் இருந்த குழுவின் பெயரையோ மதத்தையோ எழுதப்போவதில்லை. வழக்கு நடக்கிறது. அதைவிட, நான் வெளியே வந்த பிறகு என்னிடம் வந்து அழுதவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். சாமி பெயர்தான் வேறு, நடத்தும் முறை ஒன்றுதான்.

எடுத்ததும் யாரும் பணம் கேட்பதில்லை. அப்பா இறந்தபோது சொந்தபந்தம் பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இவர்கள்தான் வந்து பாத்திரம் கழுவினார்கள், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அந்த அன்பில் பொய் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. செய்தவர்களும் எங்களைப் போல உள்ளே மாட்டியவர்கள்தான்.

பிறகு நோட்டு வந்தது. ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டு. அன்றைக்கு மனதில் வந்த தப்பான எண்ணங்களை ராத்திரி படுக்கும் முன் எழுத வேண்டும். சனிக்கிழமை குழுவின் பெரியவரிடம் போகும், பச்சை மையில் குறிப்போடு திரும்பும். “தம்பி மேல் பொறாமை” என்று நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில் “இன்னும் மறைக்கிறாய்” என்று இருந்தது. அடுத்த வாரம் இன்னும் எழுதினேன். கல்யாணத்துக்கு முந்தைய விஷயங்கள், மாமியார் மேல் இருந்த கசப்பு, கணவருக்குத் தெரியாமல் அடகு வைத்த வளையல், எல்லாம் அதில் ஏறியது. பக்கம் தீர்ந்ததும் நோட்டு அவர்களிடமே போய்விடும். நான் விலகுகிறேன் என்று சொன்ன வாரமே அதைக் கொண்டுவந்து என் கணவர் முன்னால் உட்கார்ந்து வாசித்தார்கள்.

மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், சீனாவில் மனமாற்ற முகாம்களுக்குள் இருந்தவர்களிடம் பேசி 1961இல் மூளைச்சலவையின் எட்டு அடையாளங்களைப் பட்டியலிட்டார். ஓயாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைப்பது அதில் ஒன்று. அதைப் படித்த அன்று எனக்குக் கை நடுங்கியது.

சொத்து விஷயம் கடைசியில்தான் வரும். “மண்ணாசையை விட்டால்தான் உங்கள் வீட்டுக்காரர் ஆன்மா அமைதி அடையும்” என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் வீட்டை செட்டில்மென்ட் (காசு வாங்காமல் எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கினார்கள். எங்கள் யாருக்கும் தெரியாது. ஆதார் அட்டை அவர்கள் கையில் இருந்தது. பத்திரத்தை அம்மாவுக்குப் படித்துக்கூடக் காட்டவில்லை. பக்கத்தில் நின்ற ‘சகோதரி’தான் எங்கே கையெழுத்து என்று விரலை வைத்துக் காட்டியிருக்கிறாள்.

வெளியே வந்ததும் ஒரே நாளில் யாரும் பேசவில்லை. என் மகளின் சிநேகிதிகள்கூட.

இப்போது இதே மாதிரி மாட்டிய குடும்பங்களோடு வக்கீல் ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் துணைக்குப் போகிறேன். அங்கே முதலில் வரும் பதில், “அவங்களே விரும்பித்தானே கொடுத்தாங்க?” என்பதுதான். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஒருவர் மனதை ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர் அதைப் பயன்படுத்தி அநியாயமான ஆதாயம் அடைந்தால், அது அப்படி நடக்கவில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். 1890லேயே, மறுமையில் ஆன்மாவுக்கு நல்லது என்று நம்பி மொத்தச் சொத்தையும் குருவுக்கு எழுதிவைத்த ஒரு முதியவரின் வழக்கில், அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்தத் தானப்பத்திரம் செல்லாது என்றது. ஜப்பானில் 2022இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கொலைக்குப் பிறகு, கடன் வாங்கியோ குடியிருக்கும் வீட்டை விற்றோ நன்கொடை கொடு என்று வற்புறுத்துவதையே தடைசெய்து சட்டம் கொண்டுவந்தார்கள். கொலை செய்தவனின் தாய் ஒரு சர்ச்சுக்குக் கொடுத்துக் கொடுத்தே குடும்பம் நொடித்துப்போயிருந்தது. நம் ஊரிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்றுதான் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உள்ளே இருப்பவரிடம் சாமியைப் பழித்துப் பேசாதீர்கள். அது அவர்களுக்கு ஏற்கெனவே சொல்லிவைக்கப்பட்டிருக்கும்: “வீட்டில் எதிர்ப்பார்கள், அதுதான் சோதனை.” சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்டு போன் தொடர்பை விடாமல் வையுங்கள். அசல் பத்திரமும் ஆதாரும் யாரிடம் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) எடுத்துப் பாருங்கள், நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் அன்றோடு அங்கே போவதை நிறுத்துங்கள்.

ஏற்கெனவே எழுதிக்கொடுத்தாகிவிட்டது என்றால், பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்டு வழக்குப் போட, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. “நீதிமன்றம் எதற்கு, பேசித் தீர்த்துக்கலாம் வாங்க” என்று குழுவிலிருந்து ஆள் வருவார்கள், மாதக்கணக்கில் இழுப்பார்கள். பேச்சுவார்த்தைக்குப் போவதற்கு முன்னால் நகல் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.